நான் எடுத்துவிட்ட சிவப்புக் கட்டம்

கணினி விளையாட்டுகள் தெரியாதவர்களுக்காக ஒன்றை முதலில் விளக்க வேண்டும். ஒரு பெரிய விளையாட்டின் நடுவே கதை சற்று நின்று வேறொரு சின்ன விளையாட்டு வரும். மீன் பிடிக்கச் சொல்லும், சீட்டு அடுக்கச் சொல்லும், பூட்டுத் திறக்கச் சொல்லும். மினிகேம் என்பார்கள். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அதைச் செய்து முடிக்காமல் கதை மேலே போகாது. அப்படியொரு பூட்டை 1997இல் நான் செய்தேன். அதைக் காதால் மட்டுமே திறக்க முடியும். என் மகளுக்குக் காது கேளாது.

கடைசி இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். சிட்னியில், லிட்கம்மில் ஒரு நண்பனின் வீட்டில் எட்டு மாதம் இருந்துவிட்டு மெல்பேர்ணுக்கு வந்தேன். ஊரில் கணிதம் படிப்பித்தவன். இங்கே ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு நிரல் எழுதினேன். அங்கே ஆட்களைக் குறைத்தபோது, விளையாட்டுகள் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்று என்னை எடுத்தது. பழைய கம்பளக் கடை ஒன்றின் மேல்மாடியில் பதினான்கு பேர் இருந்தோம். மற்றவர்களில் பெரும்பாலானோர் என்னைவிட இருபது வயதாவது இளையவர்கள். விளையாட்டில் எனக்கு அக்கறை இருக்கவில்லை. அதற்குள் இருந்த கணக்கு பிடித்திருந்தது.

மகள் எண்பத்தேழில் பிறந்தாள். ஒன்றரை வயதில், குசினியில் மனைவியின் கை தவறிச் சட்டி மூடி ஒன்று சீமெந்துத் தரையில் விழுந்தது. பக்கத்தில் இருந்து விளையாடிய பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு பரிசோதனைகள், இரண்டு காதுக்கும் கருவிகள். வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், அது ஆங்கிலமாக இருக்கட்டும், சைகை காட்டினால் பேச்சு வராது என்று சொன்னார்கள். அந்தக் காலத்தில் பலருக்கும் கொடுத்த ஆலோசனைதான் அது. மனைவி அதைக் கேட்டு அழுதாள். எனக்கு அது வசதியாக இருந்தது. வாயசைவைப் பார்த்து ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளையை ஊர் சட்டென்று கண்டுபிடிக்காது. கோயிலுக்குப் போகும்போது தலைமயிரைப் பின்னாமல் விடச் சொல்வேன், கருவிகள் மறையும் என்பதற்காக. அலுவலக மேசையில் நான் வைத்திருந்த அவளுடைய படமும் அப்படித் தேர்ந்தெடுத்ததுதான். அங்கே யாருக்கும் நான் சொல்லவில்லை. வீட்டு விஷயத்தை வேலைக்குக் கொண்டு போகக்கூடாது என்பது என் கொள்கை என்று சொல்லிக்கொள்வேன். கொள்கை ஒன்றுமில்லை. வெட்கம்.

நான் இல்லாத நேரங்களில் மனைவி அவளோடு தமிழ் பேசினாள். பெரும்பாலும் கரம் பலகையில் காய் அடித்து விளையாடும்போது. அதனால் மகளுக்கு வந்த கொஞ்சத் தமிழும் விளையாட்டுத் தமிழ்தான். அதில் ஒரு சொல் ‘அளாப்பு.’ விளையாட்டில் கள்ளம் செய்வதை எங்கள் பக்கத்தில் அளாப்புவது என்போம்; தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இந்தச் சொல்லே தெரியாது. அளாப்பாதை, அளாப்பி வெல்லாதை என்று தாயும் மகளும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிச் சிரிப்பார்கள். சொல்லின் நடுவே உதடு இரண்டும் அழுந்தி மூடித் திறக்கும். வாயைப் பார்த்து அறியச் சுலபமான சொல்.

இனிப் பூட்டு. விளையாட்டின் கதை ஒரு கைவிடப்பட்ட வெளிச்சவீட்டை, அதாவது கலங்கரை விளக்கத்தைப் பற்றியது. அங்கே ஓர் இரும்புப் பெட்டி, அதில் நாற்பது எண்கள் கொண்ட ஒரு வட்டு. வட்டைத் திருப்பும்போது சரியான எண்ணில் ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்கும். அப்படி மூன்று எண்கள். ஐந்து தடவை பிழைவிட்டால் காவல்காரன் வந்து வெளியே தள்ளிவிடுவான். ஒவ்வொரு ஆட்டத்திலும் எண்கள் மாறும்படி நான் எழுதியிருந்தேன், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துத் தப்பிவிடக் கூடாது என்று. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

வேலை செய்யும்போது எனக்கே அந்த டிக் கேட்கவில்லை. மாடி முழுவதும் ஏதாவது சத்தம். அதனால் டிக் ஒலிக்கும் கணத்தில் திரையின் வலது மூலையில் ஒரு சின்னச் சிவப்புக் கட்டம் மின்னும்படி செய்துகொண்டேன். இரண்டு மாதம் அதைப் பார்த்துத்தான் பூட்டைச் சரிபார்த்தேன். வேலை முடிந்ததும் ஒரே வரியால் அதை நிறுத்தினேன். கட்டடம் முடிந்தால் சாரத்தைக் கழற்றுவதுபோல, அவ்வளவுதான் எனக்கு அது.

எங்களுடைய விளையாட்டுகளைச் சோதித்துப் பிழை பிடிப்பவள் கோலாலம்பூரிலிருந்து படிக்க வந்து தங்கிவிட்ட ஒரு தமிழ்ப் பெண். இருபத்து நான்கு வயது இருக்கும். அங்கே தமிழ் பேசுவதற்கு எங்களுக்கு எங்களை விட்டால் ஆள் இல்லை. ஒரு மத்தியானம், மேசையில் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அங்கிள், அந்தச் செகப்புக் கட்டத்த ஏன் எடுத்துட்டீங்க? சின்னதாத்தானே இருந்துச்சு. காது கேக்காதவங்களும் விளையாடுவாங்க லா.”

“காது கேளாத ஆக்கள் இதை ஏன் வாங்கப் போயினம், பிள்ளை?”

“ஏன் அங்கிள், அவங்களுக்கு மட்டும் பொழுது தானாப் போயிடுமா?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மேசையில் என் மகளின் படம் இருந்தது, காதை மயிர் மூடியபடி. அந்தப் பெண் கட்டம் இல்லாததை ஒரு பிழை என்று பட்டியலில் எழுதினாள். நான் அதற்கு எதிரே ‘வடிவமைப்பின்படியே உள்ளது’ என்று எழுதி மூடினேன்.

செப்டெம்பர் பள்ளி விடுமுறையில் விளையாட்டு வெளியாயிற்று. ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் என் பெயர் இருப்பதை மகள் கண்டுபிடித்து விரலால் தடவினாள். பத்து வயது. நாடகக்காரரை வைத்துக் குரல் பதிவதற்கு எங்கள் நிறுவனத்திடம் வசதி இல்லாததால் உரையாடல் எல்லாம் எழுத்திலேயே இருந்தது. அதனால் அவளுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. தொடங்கும்போது பெயர் கேட்கும். தன் முழுப் பெயரையும் கொடுத்தாள். கடைசியில் வெளிச்சவீட்டுக் காவலரின் பெரிய புத்தகத்தில், இதுவரை வந்து போனவர்களின் கீழே, வென்றவரின் பெயர் மையால் எழுதப்படும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. அது வேண்டும் அவளுக்கு. பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியும் அதே விளையாட்டை வாங்கியிருந்தாள்.

ஒன்பதாம் நாள் பூட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

நான் வேலையால் வந்தபோது இரண்டு ஸ்பீக்கர்களையும் மேசையிலிருந்து இறக்கி மடியில் வைத்து, உள்ளங்கைகளை அவற்றின் மேல் அழுத்திக்கொண்டிருந்தாள். கதவு அடிப்பதும் அலை மோதுவதும் கையில் தெரிந்தன என்றாள். பூட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஏழு முறை காவல்காரன் தள்ளிவிட்டான். அந்த டிக் அவ்வளவு மெல்லியது, அந்த மலிவு ஸ்பீக்கரில் உள்ளங்கைக்கு எப்படித் தெரியும்? அப்படி மெல்லியதாக வரும்வரை அதைச் செதுக்கியவன் நான்.

பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, சத்தம் வரும்போது விரலை உயர்த்தினேன். ஒரு எண் கிடைத்தது. இரண்டாவதற்கு உயர்த்தியபோது என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். இப்படிச் செய்தால் திறப்பது நீங்கள், நான் இல்லை என்றாள், ஆங்கிலத்தில். பிறகு கேட்டாள்: சத்தம் வரும்போது ஒரு சின்ன வெளிச்சம் போட முடியாதா?

சீடியில் அடித்து வெளியே போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்றேன். அது உண்மை. வெளிச்சம் இருந்தது, நான்தான் அணைத்தேன் என்பதைச் சொல்லவில்லை.

பதிலாக ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்தேன். சோதிப்பவர்களுக்காக நாங்கள் வைத்திருந்த ஒரு சொல். அதைத் தட்டினால் பூட்டு தானாகத் திறக்கும். அவளுக்கு விருப்பமில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். விடுமுறை முடிய ஒரு நாள் இருக்கும்போது தட்டினாள்.

அன்று பின்னேரம் விளையாட்டை முடித்தாள். என்னையும் மனைவியையும் கூப்பிட்டுப் பின்னால் நிற்கவைத்தாள். புத்தகம் திறந்தது. பக்கங்கள் புரண்டன. பேனை வந்து நின்றது, எழுதவில்லை. கீழே ஒரு வரி வந்தது: ஏமாற்றி ஏறியவர்களின் பெயரை இந்தக் காவலர் எழுதுவதில்லை.

அதை எழுதியவன் நானே. குறுக்குவழியைப் பாவித்தவர்களுக்கு ஒரு கிண்டல் வைப்போம் என்று ஒரு பின்னேரம் எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சேர்த்தது. முற்றாக மறந்துபோயிருந்தேன்.

மகள் அந்த வரியை வாசித்தாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். என்னோடு ஒருநாளும் தமிழ் பேசாத பிள்ளை, ஒவ்வோர் எழுத்தாக வாயைத் திறந்து மூடிச் சொன்னாள்.

“அப்பா, நான் அளாப்பேல்லை.”

மனைவி திரும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். நான் மகளின் தோளைப் பிடித்து, அடுத்த திருத்தத்தில் வெளிச்சம் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். திருத்தம் என்பது, வெளியான விளையாட்டில் பிழைகளைச் சரிசெய்து பிறகு விடும் சிறு கோப்பு. கணினிச் சஞ்சிகைகளோடு வரும் சீடியில் அதைக் கொடுப்போம். எப்போது என்று கேட்டாள். கோடை முடிய என்றேன்; இங்கே கோடை பெப்ரவரியோடு முடியும்.

பெப்ரவரியில் அதற்கான கூட்டம் நடந்தது. எங்கள் முகாமையாளர் நல்ல மனிதர், என்னைவிடப் பத்து வயது இளையவர். எதைச் சேர்ப்பது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். மலேசியப் பெண் தன் தாளைப் பார்க்காமலே சிவப்புக் கட்டத்தைச் சொன்னாள். அவர் என்னிடம் திரும்பினார். பூட்டு உன்னுடையது, நீ என்ன சொல்கிறாய் என்றார்.

ஓம் என்றால் போதும். மேசைக்குப் போய் ஒரு வரியை அழித்தால் வேலை முடிந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு முன்பு வேண்டாம் என்றவன் இப்போது ஏன் மனம் மாறினான் என்று அவள் கேட்பாள் என நினைத்தேன். கேட்டால் சொல்ல வேண்டி வரும். சொன்னால் மேசையில் இருக்கும் படத்தை எல்லோரும் இன்னொரு தடவை பார்ப்பார்கள். இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் மனதில் ஓடியது. வெளிச்சம் வைத்தால் புதிரின் சுவை கெட்டுவிடும் என்று சொன்னேன். நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. அடுத்ததற்குப் போனார். அந்தப் பெண் அதற்குப் பிறகு என்னோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள்.

வீட்டில் மனைவி கேட்டாள், அலுவலகத்தில் சொன்னீர்களா என்று. இன்னும் நேரம் வரவில்லை என்றேன். அவள் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“கந்தோரில சொன்னால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்? அவள் உங்கட பிள்ளைதானே.”

ஈஸ்டர் விடுமுறையில் திருத்தம் சஞ்சிகையோடு வந்தது. நான் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மகள் ஒவ்வொரு வாரமும் பத்திரிகைக் கடையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தானே வாங்கி வந்து, தானே ஏற்றினாள். பழைய ஆட்டம் ஏமாற்று என்று குறிக்கப்பட்டுவிட்டதால் முதலிலிருந்து தொடங்கினாள். வழி தெரிந்ததால் ஆறு நாள் போதுமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் எதுவரை வந்திருக்கிறாள் என்று சாப்பாட்டு மேசையில் சொல்லுவாள். பாலம். நிலவறை. படிக்கட்டு. ஒரு சொல்லால் அவளை நிறுத்தியிருக்கலாம். நான் சோறு சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் வந்து பார்த்தபோது பூட்டின் முன்னால் இருந்தாள். திரையைத் துடைத்த துணி மேசையில் கிடந்தது. அழவில்லை. வெளிச்சம் மிகவும் சின்னதா, எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

அவர்கள் விடவில்லை என்றேன். நான் கேட்டேன், அவர்கள் விடவில்லை.

என் வாழ்க்கையில் சொன்ன பொய்களை எண்ணினால் அது பெரிய பொய் இல்லை. ஆனால் அவள் என் வாயைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். ஒரு சொல்லும் தவறவிடக் கூடாது என்று அப்படித்தான் எப்போதும் பார்ப்பாள்.

சீடியை எடுத்து உறையில் போட்டு என் மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகு சண்டை எதுவும் இல்லை, கோபம் காட்டியதும் இல்லை. என்னிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துத் தொல்லைகள், கருவிகளின் பற்றரி, எல்லாம் தாயோடு. பதினேழு வயதில், எங்களிடம் கேளாமல், சைகை மொழி படிக்கப் போனாள். எனக்குப் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லும் தகுதி அப்போது எனக்கு இருக்கவில்லை. பிறகு ஆய்வுகூடம் ஒன்றில் வேலை எடுத்து, வெரிபீயில் ஒரு புதிய வீட்டில், காது கேளாத தோழி ஒருத்தியோடு வாடகைக்குப் போனாள். நாங்கள் இருந்த டண்டினோங்கிலிருந்து அங்கே போக நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு ரயில். மனைவி மாதம் இருமுறை போவாள். நான் எப்போதாவது.

விளையாட்டு நிறுவனம் அதற்குள் மூடப்பட்டுவிட்டது. நானும் ஓய்வு பெற்றேன். 2009இல் கராஜைத் துப்புரவாக்கும்போது பழைய நிரல்களின் பிரதி ஒரு பெட்டியில் அகப்பட்டது. அந்த வரியை நீக்க ஒரு நிமிடம் எடுக்கவில்லை. அதைப் புதிய கணினிகளில் ஓடவைக்கத்தான் ஒரு வாரம் ஆனது. ஒரு சீடியில் எழுதிக்கொண்டு வெரிபீக்குத் தனியாகப் போனேன். நிலையத்துக்குக் காரோடு வந்து ஏற்றிக்கொண்டாள்.

அவளுடைய சாப்பாட்டு மேசையில், யன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி இருந்துகொண்டு, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னேன். கட்டம் முதலில் இருந்தது. நான் எடுத்தேன். திருப்பிப் போடச் சொன்னார்கள், மறுத்தவனும் நான்தான். யாரும் தடுக்கவில்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். தலையை ஆட்டினாள். நெடுநாளாக ஊகித்திருந்த ஒன்றை உறுதிசெய்துகொண்டவள் போலிருந்தது. சீடியை எடுத்து இருபக்கமும் பார்த்துவிட்டு, இதை வேறு யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

யாருக்கும் இல்லை, உனக்குத்தான் என்றேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது, அப்பா என்றாள். காசு கொடுத்து வாங்கிய மற்றவர்களுக்கு?

அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதே இல்லை. பன்னிரண்டு வருடமாக இதை என் வீட்டு விஷயமாகவே வைத்திருந்தேன். அப்போதுகூட அதை ஒரு உறையில் போட்டு ஒளித்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

பழைய விளையாட்டுகளை விரும்புகிறவர்கள் கூடும் இணையத்தளம் ஒன்றை அவள் மடிக்கணினியில் திறந்து என் பக்கம் தள்ளினாள். கோப்பை ஏற்றியதும் விளக்கம் எழுத ஒரு பெட்டி வந்தது. முன்பு விடுபட்டிருந்த ஒரு குறை சரிசெய்யப்பட்டுள்ளது என்று எழுதினேன். வாசித்துவிட்டு, விடுபட்டதா, யார் விட்டது என்று கேட்டாள். குரலில் சூடில்லை. அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். இந்தப் பூட்டைச் செய்தவன் நான், காது கேளாதவர்கள் திறப்பதற்கு ஒரு வழி இருந்தது, என் மகள் காது கேளாதவள் என்பதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு அதை நீக்கினேன், அதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று. எழுத நெடுநேரம் பிடித்தது. அவள் எதையும் மாற்றவில்லை. அனுப்பும் பொத்தானை நானே அழுத்தினேன்.

அப்போது தோழி உள்ளே வந்தாள். இருவரும் கைகளால் பேசினார்கள். என்னைப் பற்றித்தான் என்பது மகளின் விரல் சுட்டிய திசையில் தெரிந்தது. வேறொன்றும் விளங்கவில்லை. தோழி என்னைப் பார்த்தாள், சிரிக்கவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. கதிரையை இழுத்துப் போட்டு மடிக்கணினியின் முன் இருந்தாள். பூட்டுள்ள இடத்துக்கு நேராகப் போகும்படி நான் செய்துகொடுத்தேன். மூன்று தடவை காவல்காரன் தள்ளிவிட்டான். நாலாவது தடவை திறந்தது. அவள் மகளைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள்.

என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

கட்டம் பிழையான இடத்தில் இருக்கிறதாம் என்றாள் மகள். மூலையைப் பார்த்தால் வட்டு தெரியவில்லை, வட்டைப் பார்த்தால் மூலை தெரியவில்லை. வட்டின் மேலேயே இருக்க வேண்டும். இதை யார் இப்படிச் செய்தது என்று கேட்கிறாள்.

அந்தக் கட்டம் எனக்காக நான் செய்தது. காது கேட்கிற, கண்ணின் ஓரத்தால் ஒருமுறை பார்த்தால் போதும் என்றிருந்த ஒருவனுக்காக. மகளுக்கு அதைக் கொடுத்திருந்தாலும் சிரமப்பட்டிருப்பாள். ஒரு தடவையாவது அவளைப் பக்கத்தில் வைத்துக் கேட்டிருந்தால் பத்து வயதிலேயே சொல்லியிருப்பாள். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, தோழி சொன்னதை ரயில் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். சாப்பிட்டுப் போங்கள் என்றாள் மகள். சாப்பிட்டோம். இருவரும் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து வட்டில் எண்ணைக் காட்டும் ஊசியையே மின்னவைக்க எனக்கு நாலு நாள் எடுத்தது. கண்ணும் கையும் முன்புபோல் இல்லை. இரண்டாவது தடவை கோப்பை அனுப்பும்போது அதே விளக்கப் பெட்டி வெறுமையாக வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. திருத்தியது என்ன என்று ஒரு வரியில் எழுதி முடித்திருக்கலாம். முழுவதையும் திரும்ப எழுதினேன், காரணத்தையும்.

மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன், ஊசிக்கு மாற்றிவிட்டேன் என்று. தோழிக்குச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. தான் விளையாடிப் பார்த்தாளா என்பதை அவள் இன்றுவரை சொல்லவில்லை.